பரணில் கிடக்கும் கேசட்டில் யார் குரல் இருக்கிறது?

எங்கள் தர்மபுரிப் பக்கம் இன்னமும் நிறைய வீடுகளில் பரண்மேல் ஒரு கேசட் பெட்டி இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறங்கும். தூசி தட்டுவார்கள். ‘இனிமே இது எதுக்கு’ என்று பேச்சு வரும். யாராவது ஒருவர் மனசு கேட்காமல் மறுபடி மேலே ஏற்றிவிடுவார். அப்படிப்பட்ட பெட்டிகள்தான் இப்போது என்னிடம் வருகின்றன.

எங்களுடையது ரேடியோ செட் வைத்திருந்த குடும்பம். பாலக்கோட்டில் என் மாமா கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். நான் அவரோடு வயர் இழுத்துத் தொழில் பழகினேன். அப்புறம் தர்மபுரியில் கேசட் கடை வைத்துப் பாட்டுப் பதிந்து கொடுத்தேன். இப்போது பழைய நாடாவில் இருப்பதைக் கணினிக்கு ஏற்றிக் கொடுக்கிறேன். கருவி மாறிக்கொண்டே வந்தது, வேலை ஒன்றுதான்.

இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டதில் முதல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருக்கிற சினிமாப் பாட்டுக்காகக் கவலைப்படாதீர்கள். அது உங்கள் போனிலேயே கிடைக்கும். உங்கள் வீட்டு ஆள் பேசின கேசட்டுக்கும், உங்கள் ஊர்க் கூத்தில் பதிந்த கேசட்டுக்கும் உலகத்தில் வேறு பிரதி கிடையாது. அதைத் தேடி எடுங்கள்.

ஒலியைப் பிடித்துவைக்கும் கருவி வந்தபோதே இந்த நினைப்பும் வந்துவிட்டது. 1877-இல் எடிசன் ஓர் உருளைமேல் தகரத்தாளைச் சுற்றி, ஊசியால் அதில் பள்ளம் விழவைத்து, தன் குரலைத் தானே திரும்பக் கேட்டார். அடுத்த வருஷமே ஒரு பத்திரிகைக் கட்டுரையில், இந்தப் பெட்டியால் என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டார். கடிதம் சொல்லி எழுதவைப்பது, பார்வையற்றவர்களுக்குப் புத்தகம், இசை எல்லாம் அதில் உண்டு. கூடவே, குடும்பத்தார் தங்கள் குரலிலேயே சொல்லிவைக்கும் நினைவுகள், சாகும் தறுவாயில் இருப்பவர்களின் கடைசி வார்த்தைகள் என்றும் எழுதினார். இதைப் படித்த அன்று எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. நான் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலையை அந்த மனிதர் 1878-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

எடிசனின் உருளைப் பெட்டியில் கேட்கவும் முடியும், பதியவும் முடியும். 1887-இல் எமில் பெர்லினர் உருளையை விட்டுவிட்டுத் தட்டைக் கொண்டுவந்தார். அதுதான் கிராமபோன். ஒரு தடவை பதிந்துவிட்டால் அச்சு எடுத்து ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் தட்டை வாங்கியவர் கேட்கத்தான் முடியும். பதிவது கம்பெனியின் வேலை ஆயிற்று. யாருடைய குரல் நிற்க வேண்டும் என்பதையும் கம்பெனிதான் முடிவு செய்தது. இந்த ஒரு மாற்றம் சாதாரண ஜனங்களின் குரலுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து பதிந்தார். அப்போது பாடியவர்களில் பேர்போனவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று அவர் உரக்கச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில் அச்சாயின. அங்கே லேபிள் ஒட்டுகிறவர்களுக்குப் பாடியது யாரென்று தெரிய வேண்டுமே, அதற்காக. 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது. பேர் சொல்லும் அந்தப் பழக்கத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

தமிழிலும் நாடகப் பாட்டுகள் தட்டு தட்டாக வந்தன. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். சினிமாவில் அவர் நடிக்கவில்லை. இன்றைக்கு அவர் குரலைக் கேட்கிறோம் என்றால் அந்த அரக்குத் தட்டுகள் இருந்ததால்தான். அதிலும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம் ஓடும், அவ்வளவே. மேடையில் விஸ்தாரமாகப் பாடியதையெல்லாம் அதற்குள் சுருக்கிப் பாட வேண்டும். அதே காலத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இரவெல்லாம் வேஷம் கட்டிப் பாடியவர்களின் குரலை என் மாமா எந்தத் தட்டிலும் கேட்டதில்லை.

மாமாவிடம் நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. பிளேட்டு என்றுதான் சொல்வோம். பழைய கிராமபோன் பெட்டிக்கு எஃகு ஊசி. ஒரு பக்கம் ஓடி முடிந்தால் ஊசியை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மழுங்கின ஊசி தட்டின் பள்ளத்தைத் தின்றுவிடும். இந்தத் தட்டு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் போடவே கூடாது. தட்டில் இருப்பது அரக்கு. மரத்துக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேளுங்கள், அரக்கை ஸ்பிரிட்டில் போட்டுத்தான் கரைப்பார். தட்டும் அப்படியே கரைந்து மேற்பரப்பு கெட்டுவிடும். மெத்தென்ற பஞ்சுத் துணியை லேசாக ஈரமாக்கி, பள்ளம் போகும் வாக்கிலேயே வட்டமாகத் துடைத்து, உடனே காயவைத்தால் போதும். பின்னால் வந்த, நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான ஊசியை 78-இல் வைக்காதீர்கள். 78-இன் பள்ளம் அகலம் அதிகம். மெல்லிய ஊசி அடியில் போய்க் குப்பையை உரசும், இரைச்சல்தான் கேட்கும். ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்க வேண்டாம், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஷீட் போட்ட வீட்டில் சித்திரை வெயிலில் எல்.பி. தட்டு வளைந்துவிடும்.

1948-இல் எல்.பி. வந்தது, அடுத்த வருஷம் 45 சுற்றுத் தட்டு வந்தது. இரண்டுமே கேட்பதற்கானவை. அதனால் அதில் நிற்காமல் கேசட்டுக்கு வந்துவிடுகிறேன். என் வாழ்க்கை அதில்தான் ஓடியது.

1963-இல் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியிட்டது. லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு செய்தது. 3.81 மி.மீ. அகல நாடா, விநாடிக்கு 4.76 செ.மீ. வேகம். பிளாஸ்டிக் நாடாமேல் இரும்புத் துருவைப் பூசியிருப்பார்கள். அந்தத் துரு ஏற்கிற காந்தம்தான் நம் குரல். சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் யார் வேண்டுமானாலும் பதியலாம். எடிசன் பெட்டியோடு வீட்டை விட்டுப் போன அந்த உரிமை, கேசட்டில் எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பட்டாளத்தில் இருந்தவர்கள் கொண்டுவந்தார்கள். கடிதம் எழுதத் தெரியாத அம்மாக்கள் கேசட்டில் பேசிப் பார்சல் அனுப்பினார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது, மைக்குக் குழாய்க்குக் கீழே டேப்பை வைத்துக் கூத்தைப் பதிந்தார்கள். இரவு ஆரம்பித்து விடியும் வரைக்கும் ஆட்டம். 90 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். திருப்பிப் போடுகிற நேரத்தில் ஒரு விருத்தத்தின் தலையோ வாலோ போய்விடும். இருந்தாலும் எடிசனுக்கு அப்புறம் இத்தனை காலம் கழித்து எங்கள் கூத்துக்காரர் குரல் பிடிபட்டதே, அதுவே பெரிய காரியம்.

எங்கள் மாவட்டங்களில் காட்டுக்குள்ளும் வயல் வரப்பிலும் நடுகற்கள் நிறைய. தர்மபுரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரனின் பெயர் இருக்கும், வாள் இருக்கும், வில் இருக்கும். கேசட் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் ஞாபகம்தான் வரும். கல்லில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது.

சரி, பெட்டி கிடைத்துவிட்டது. என்ன செய்வது?

எடுத்ததும் பிளேயரில் போடாதீர்கள். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சின்ன ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். சுருள் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினமாதிரி இருந்தால் அது பூஞ்சை. அதை ஓடவிட்டால் பிளேயரில் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடுகிற கேசட்டுக்கும் பரவும். அதைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடித் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டின் வாய்ப்பக்கத்தில், நாடாவுக்குப் பின்னால், ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் பஞ்சு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் முதலில் உதிர்வது இந்தப் பஞ்சு. பஞ்சு இல்லாமல் ஓடினால் சத்தம் கம்மிக் கம்மி வரும். ‘கேசட் போயிடுச்சு’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாடாவில் ஒன்றும் ஆகியிருக்காது. ஐந்து ஸ்குரூவைக் கழற்றி, வேறொரு வேண்டாத கேசட்டின் கூட்டுக்குள் இந்த நாடாவை மாற்றிவிட்டால் குரல் பளிச்சென்று வந்துவிடும். ஸ்குரூ இல்லாமல் ஒட்டி மூடின கேசட்டும் உண்டு. அதைப் பிளேடால் மூட்டில் கீறி நிதானமாகத் திறக்க வேண்டும்.

கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னத் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி பதிய முடியாது. கேட்கப் போடுவதற்கு முன்னால் உடைத்துவிடுங்கள். கூத்துக் கேசட்டின்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்து அழிந்ததை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நாடா அறுந்திருந்தால் சாதாரண செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், பசை கசிந்து சுற்றுச் சுற்றாக ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே மெல்லிய டேப் விற்கிறது.

அடுத்தது பிளேயர். உண்மையில் இப்போது கேசட்டைவிடச் சீக்கிரம் சாவது பிளேயர்தான். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும். பெல்ட்டும் ரோலரும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் தேடினால் கிடைக்கும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர்தான் கிட்டம். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பழுப்பு நிறம் வராத அளவுக்குத் துடையுங்கள். துடைத்தபிறகு நன்றாகக் காயவிடுங்கள். கேசட்டை முன்னாலும் பின்னாலும் ஒரு தடவை முழுக்க ஓட்டிய பிறகே கேளுங்கள். வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த சுற்று அப்போதுதான் தளரும்.

இனி சொல்வதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், சிலதில் அதன்மேல் சிவப்போ பச்சையோ மையிட்டிருப்பார்கள். ஹெட் நாடாவுக்கு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பதிந்த பெட்டியில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், நாம் கேட்கும் பெட்டியிலும் அதே அளவு சாய்த்தால்தான் ஒலி திறக்கும். கூத்துக் கேசட் வந்தால் நான் தாளத்தைக் கேட்பேன். சாயவில்லை என்றால் தாளம் ‘தப் தப்’ என்று கம்பளிக்குள் இருந்து வரும். ஸ்குரூவை ஒரு நெல் அளவுக்குத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் ‘கிண்’ என்று திறந்துகொள்ளும். முகவீணை என்கிற சின்ன நாயனத்தின் கூர்மை வந்துவிடும், கூத்தில் கதையை நடத்திக்கொண்டு போகிற கட்டியக்காரன் பேசுவது எழுத்து எழுத்தாகப் புரியும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பதிய ஆரம்பிக்க வேண்டும். கணினியில் எந்த மென்பொருளாலும் இதை அப்புறம் சரிசெய்ய முடியாது.

லேபிளை நம்பாதீர்கள். பென்னாகரத்துப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கேசட்மேல் படப்பேர் எழுதியிருந்தது. “பாட்டுதாங்கண்ணா இருக்கு, பரவால்ல, ஏத்திக் குடுங்க” என்றார். இரண்டாம் பக்கத்தில் பாட்டு முடிந்து வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்துவதில்லை, நாடா தீரும் வரைக்கும் விட்டுவிடுவேன். கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பின்னால் எங்கேயோ ரேடியோவில் செய்தி ஓடுகிறது. ஒரு கிழவியின் குரல், “டேய், நான் பேசறதெல்லாம் இது புடிச்சுக்குமாடா?” என்று கேட்கிறது. சின்னப் பையன் சிரிக்கிறான். அப்புறம் அந்த அம்மா கிணறு வெட்டின கதையைச் சொல்கிறார், நாடா தீர்கிற வரைக்கும். வந்தவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “எங்க ஆயாண்ணா. சிரிக்கிறது நான்” என்றார். பின்னால் ஓடிய செய்தியை வைத்து வருஷத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதனால்தான் சொல்கிறேன், பின்னணி இரைச்சல் என்று நினைத்து ரேடியோ, மாடு, பஸ் ஹாரன் எதையும் வெட்டாதீர்கள். காலத்தையும் இடத்தையும் அதுதான் சொல்லும்.

கணினிக்கு ஏற்றும்போது பிளேயரின் லைன் அவுட்டிலிருந்தோ ஹெட்போன் துளையிலிருந்தோ ஒயர் போட்டு, ஒரு யூ.எஸ்.பி. ஆடியோ கார்டு வழியாக எடுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்துப் பதிய வேண்டாம். ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், போதுமானது. சத்தம் உச்சியைத் தொடாமல், மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும். உச்சியில் வெட்டுப்பட்ட குரலைத் திரும்ப ஒட்ட முடியாது. சேமிப்பது வேவ் அல்லது ஃபிளாக் வடிவத்தில். எம்பி3 என்பது காதுக்குத் தெரியாது என்று கணக்குப் பண்ணிய ஒலிகளைக் கழித்துவிட்டுச் சுருக்குவது. சிடி தரத்தில் வேவ் ஒரு மணிநேரம் ஸ்டீரியோவுக்கு 635 எம்.பி. வரும், 128 கே.பி.பி.எஸ். எம்பி3-இல் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தை அப்படியே வையுங்கள். இரைச்சல் நீக்குவதையும் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

சிடி 1982-இல் வந்தது. நம் பக்கம் 2000-க்கு அப்புறம் கேசட்டைச் சிடியில் போட்டுத் தருகிறோம் என்று நிறையக் கடைகள் கிளம்பின. அப்போது சிடிக்கு மாற்றிக்கொண்டு கேசட்டைக் குப்பையில் போட்டவர்கள்தான் இன்று என்னிடம் வருவதிலேயே பாவப்பட்டவர்கள். நாம் எழுதுகிற சிடியில் இருப்பது சாயம். மலிவுச் சிடியின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும், படிக்காது. கேசட் பூஞ்சை பிடித்தாவது மிஞ்சியிருக்கும். ஆகவே மாற்றி முடித்த பிறகும் கேசட்டை எறிய வேண்டாம். உங்களிடம் பழைய சிடி இருந்தால் இன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஒரு டிஸ்க் உங்களிடம், ஒன்று ஓசூரிலோ பெங்களூரிலோ இருக்கிற அண்ணன் தம்பியிடம், ஒன்று இணையச் சேமிப்பில் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும்.

இப்போது எல்லார் கையிலும் பதியும் கருவி இருக்கிறது. ஆனால் பெரியவர்களின் குரல் வாட்ஸ்அப் துண்டுகளாகக் கிடக்கிறது, போன் மாறினால் போய்விடுகிறது. அதை வெளியே எடுத்துப் பெயர் போட்டு வையுங்கள். புதிதாகப் பதிவதாக இருந்தால் ஃபேனை நிறுத்திவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டுமேல், அவர்களிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். வெறும் சுவர் இருக்கிற ஹாலைவிட, துணிமணி நிறைந்த உள்ளறை நல்லது. முதலில் அவர்கள் வாயாலேயே பெயர், ஊர், தேதி சொல்லச் சொல்லுங்கள். கௌஹர் ஜான் சொன்னதுபோல. ‘ஏதாவது பேசுங்க’ என்று சொன்னால் வாய் திறக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு வண்டி கட்டிப் போன வழி, களிக்கு ராகி அரைத்த கல், ஊரில் முதலில் கரண்ட் வந்தது, இப்படி ஒன்றைக் கேளுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள்.

காரிமங்கலம் பக்கத்து ஒரு கூத்து வாத்தியாரின் கேசட்டுகள் இப்போது என் மேஜைமேல் இருக்கின்றன. அவர் காலமாகிவிட்டார். பேரன் வேஷம் கட்டப் பழகுகிறான், தாத்தா பாடிய முறையிலேயே பாட வேண்டும் என்கிறான். கேசட்டைத் திருப்பின இடங்களில் வரிகள் விட்டுப்போயிருந்தன. அந்தக் குழுவில் பின்பாட்டுப் பாடின ஒருவர் இன்னும் இருக்கிறார், அவரை வரவழைத்து விட்ட வரிகளைப் பாடச் சொல்லிப் பதிந்தோம். பழைய பதிவுக்குள் அதை ஒட்டவில்லை. தனி ஃபைலாக வைத்து, யார் பாடியது, எந்தத் தேதி, எந்தக் கேசட்டின் எந்தப் பக்கத்தில் வர வேண்டிய வரி என்று பெயரிலேயே எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு கேசட்டில் பூஞ்சை இருக்கிறது. அவை டப்பாவில் காய்ந்துகொண்டிருக்கின்றன.